பழைய வயர் அலாரத்தில் சென்சர் மாற்றுவது: முதலில் மீட்டர், பிறகு கடை

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் 2009க்குப் பிறகு கட்டின, திருத்தின வீடுகள் பலவற்றில் வயர் இழுத்துப் பூட்டின திருட்டு அலாரம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற அண்ணாவோ மச்சானோ பனலை (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியை) கொண்டு வந்திருப்பார், கொழும்பில் இருந்து வந்த ஆட்கள் அவசர அவசரமாகப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள், இப்போது அந்த ஆட்களின் நம்பர் வேலை செய்யாது. சில வருசம் ஒழுங்காக ஓடின அலாரம் ஒரு மாரிக்குப் பிறகு நடுச்சாமத்தில் காரணமில்லாமல் அலறத் தொடங்கும், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார், வீட்டுக்காரரும் கோட் அடித்து நிறுத்திவிட்டு அதற்குப் பிறகு அதைப் போடவே மாட்டார். யாரையாவது கூப்பிட்டால் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "சென்சர் எல்லாம் போயிற்று, வயர்லெஸ்ஸுக்கு மாறுங்கோ" என்று ஒரு பெரிய தொகை சொல்வார்கள்.

அவசரப்படாதீர்கள். அந்த வீட்டில் பெறுமதியான சாமான் சுவருக்குள் ஓடுகிற வயர்தான். அதைத் திரும்பப் போடுவதென்றால் சுவரைக் கொத்த வேண்டும். சென்சர் அப்படியில்லை, இரண்டு திருகாணியும் நாலு வயரும்தான், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த எவரும் மாற்றலாம். ஆனால் "சென்சர் போயிற்று" என்று சொல்லப்படுகிற இடத்தில் பெரும்பாலும் போயிருப்பது சென்சர் இல்லை. பச்சை பூத்த வயர் ஜொயின்ட், செத்த பற்றரி, ஊறின கதவு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் முதலில் அளந்து பாருங்கள், கடைக்குப் பிறகு போகலாம்.

தேவையானவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சின்னத் திருப்புளி, ஏணி, கொஞ்சம் வயர்த் துண்டு, படம் எடுக்க ஃபோன். சோல்டர் பண்ணத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் டெலிபோன் லைன் ஆட்கள் பாவிக்கிற ஜெல் நிறைத்த சின்னக் கனெக்டர் ஒரு பிடி வாங்கி வையுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுகிற வேலை நம்முடைய ஊருக்குச் சரிவராது. நாவலடி, கல்லடி, காத்தான்குடி எல்லாம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று டேப்புக்குள் புகுந்து செம்பைத் தின்றுவிடும்.

பனலைத் திறக்கமுன்

வீட்டில் எல்லோருக்கும், பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பனல் ஃபோனுக்கோ கண்காணிப்பு நிலையத்துக்கோ அழைப்பு அனுப்புகிற மாதிரி இருந்தால் அங்கேயும் சொல்ல வேண்டும். பெட்டி மூடியில் டம்பர் சுவிச் (மூடியைத் திறந்தால் காட்டிக்கொடுக்கிற சின்னச் சுவிச்) இருக்கலாம், அலாரம் போடாத நேரத்திலும் மூடியைத் திறந்தவுடன் சைரன் அலறலாம், பயப்படாமல் கோட் அடித்து நிறுத்துங்கள்.

அடுத்தது கரண்ட். பனலுக்குள் ஓடுவது 12 வோல்ட் டீசிதான், தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்கு வருகிற டிரான்ஸ்போமர் 230 வோல்டில் இருக்கிறது. அதை பிளக்கில் இருந்து கழற்றுங்கள். பெட்டிக்குள்ளேயே டிரான்ஸ்போமர் இருந்தால் மெயின் பிரேக்கரை விழுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அதன் பிறகு பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். சில வீடுகளில் வெளிச்சுவரில் இருக்கிற சைரன் பெட்டிக்குச் சொந்தமாக ஒரு பற்றரி இருக்கும். பனலில் இருந்து கரண்ட் நின்றவுடன் "யாரோ வயரை வெட்டிவிட்டார்கள்" என்று நினைத்து அது தன்பாட்டில் கத்தும். அதைத்தான் செய்யச் சொல்லிப் பூட்டியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சைரன் என்றால் முதலில் ஏணி வைத்து அதன் பற்றரியையும் கழற்றத் தயாராக இருங்கள்.

மூடியைத் திறந்தவுடன் எதையும் கழற்றமுன் நாலைந்து படம் எடுங்கள், ஒவ்வொரு டெர்மினலும் (வயர் பூட்டுகிற முனையும்) எழுத்தோடு தெரிகிற மாதிரி. ஏனென்றால் பல பனல்களில் இரண்டு சோனுக்கு (சோன் என்பது ஒரு கதவோ சில யன்னலோ சேர்ந்த ஒரு பிரிவு) ஒரே 'கொம்' (பொது) டெர்மினல்தான், அதில் இரண்டு வயர் ஒன்றாகச் செருகியிருக்கும். கழற்றின பிறகு எது எதனுடையது என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இன்னொரு விசயம், கனடாவில் இருந்து வந்த பனலைப் பற்றி. டிஎஸ்சியும் பாரடொக்ஸும் கனடாவில் தொடங்கின அலாரக் கம்பனிகள். அங்கே கடையில் வாங்கின செட்டோடு வருகிற டிரான்ஸ்போமர் அந்த நாட்டு 120 வோல்டுக்கானது. அதை இங்கே 230இல் செருகினால் புகைதான் வரும். டிரான்ஸ்போமரை மாற்ற வேண்டி வந்தால் உள்ளே 230, வெளியே 16.5 வோல்ட் ஏசி, பழையதில் போட்டிருக்கிற அதே விஏ (வோல்ட்-அம்பியர்) அளவு அல்லது பனலின் மனுவல் அனுமதிக்கிற அளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சின்ன ரெசிஸ்டர்

சென்சர் மாற்றுகிற வேலையில் முக்கால்வாசி இந்த ஒரு விசயத்தை விளங்கிக்கொள்வதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒவ்வொரு சோனும் பனலில் இருந்து புறப்பட்டுக் கதவு வரை போய்த் திரும்பி வருகிற ஒரு வளையம். கதவு சாத்தியிருக்கும்போது சென்சருக்குள் இருக்கிற தொடுப்பு மூடியிருக்கும், வளையம் முழுசாக இருக்கும். கதவைத் திறந்தால் தொடுப்பு விடும், வளையம் அறும், பனலுக்குத் தெரியும். இது மட்டும் என்றால் ஒரு கள்ளன் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் போதும், கதவைக் கழற்றிக்கொண்டு போனாலும் பனல் "எல்லாம் சாத்தியிருக்கிறது" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கத்தான் வளையத்தின் கடைசியில், அதாவது சென்சரின் பக்கத்தில், ஒரு ரெசிஸ்டர் (மின்தடை). பனல் அந்த அளவைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. அளவு காணாமல் போனாலும் பிரச்சினை, பூச்சியமாகிப் போனாலும் பிரச்சினை.

டிஎஸ்சி பனல்களில் அது 5.6 கிலோஓம், ரெசிஸ்டரின் மேல் இருக்கிற நிறக் கோடுகள் பச்சை, நீலம், சிவப்பு. ஹனிவெல் விஸ்டா பனல்களில் 2 கிலோஓம், சிவப்பு, கறுப்பு, சிவப்பு. பாரடொக்ஸில் 1 கிலோஓம், மண்ணிறம், கறுப்பு, சிவப்பு. லண்டன் பக்கம் இருந்து வந்த பனல்களில் ஒரு சோனுக்கு இரண்டு ரெசிஸ்டர் இருக்கலாம். உதாரணமாக 2.2ம் 4.7ம் போட்டிருந்தால், கதவு சாத்தியிருக்க 2.2 காட்டும், திறந்தால் இரண்டும் சேர்ந்து 6.9 காட்டும். வயர் அறுந்தால் மட்டும்தான் ஒன்றும் காட்டாது. இந்த முறையில் கதவு திறந்ததையும் வயரை வெட்டினதையும் பனல் வேறு வேறாக அறியும்.

இப்போது உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் பாருங்கள். ரெசிஸ்டர்கள் எல்லாம் பனலின் டெர்மினலிலேயே வரிசையாகச் செருகியிருக்கிறதா? அப்படியென்றால் பூட்டின ஆள் ஏணியில் ஏறப் பஞ்சிப்பட்டிருக்கிறார். அலாரம் வேலை செய்யும், ஆனால் மேலே சொன்ன பாதுகாப்பு இல்லை. எங்கோ ஒரு ஆணி வயரில் அடிபட்டு இரண்டும் ஒன்றாகிப் போனாலும் அந்தச் சோன் என்றைக்குமே சாத்தின கதவாகத்தான் தெரியும். பொய்யாக அலறுகிற சென்சரைவிட இது மோசம், அலறுகிறதையாவது நாம் கவனிக்கிறோம். சென்சர் மாற்றப் போகிற சாக்கில் ரெசிஸ்டரையும் சென்சருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.

எது பழுது என்று கண்டுபிடிப்பது

ஒரே நேரத்தில் பல சோன் குழம்பினால் சென்சரைச் சந்தேகப்பட வேண்டாம். ஐந்து சென்சர் ஒரே கிழமையில் சாகாது. கரண்ட் நின்ற நேரம் பார்த்து அலாரம் அடிக்கிறதென்றால் பற்றரி செத்துவிட்டது என்று அர்த்தம். பிஐஆர் சென்சருக்குள் (அறைக்குள் ஆள் அசைவதை உடம்புச் சூட்டால் பிடிக்கிற வகை) இருக்கிற ரிலே என்ற சுவிச் கரண்ட் இருக்கும்வரைதான் மூடியிருக்கும். பற்றரி தாங்காமல் வோல்டேஜ் விழுந்தால் எல்லா பிஐஆரும் ஒன்றாகத் திறக்கும், பனல் பத்துக் கள்ளர் வந்த மாதிரி அலறும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 அம்பியர்ஹவர் சீல் பண்ணின பற்றரி. நம்முடைய வெக்கைக்கு, அதுவும் ஓட்டுக்குக் கீழே காற்றில்லாத ஸ்டோர் ரூமில் பெட்டி இருந்தால், மூன்று நாலு வருசத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சார்ஜில் இருக்கும்போது 13.5 இலிருந்து 13.8 வரை காட்ட வேண்டும். டிரான்ஸ்போமரைக் கழற்றி ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள், 12க்குக் கீழே இறங்கிவிட்டால் வேறு பற்றரி வாங்குங்கள். சென்சருக்குப் போகமுன் இதை முடித்துவிட வேண்டும்.

ஒரு கதவு அல்லது யன்னல் சோன் மட்டும் தொல்லை தருகிறதென்றால், பனலில் கரண்டும் பற்றரியும் கழற்றியிருக்கும்போது அந்தச் சோனின் வயரை டெர்மினலில் இருந்து எடுத்து மீட்டரை ஓமில் வைத்து அளவுங்கள். கதவு சாத்தியிருக்க வேண்டும். ரெசிஸ்டர் அளவும் அதற்கு மேல் சில ஓமும் காட்டினால் வளையம் சுகமாக இருக்கிறது. (ரெசிஸ்டர் பனலிலேயே இருந்தால் சில ஓம் மட்டும் காட்டும்.) ஒன்றும் காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சென்சர் மூடவில்லை. ரெசிஸ்டர் சென்சர் பக்கம் இருக்கிற வீட்டில் பூச்சியத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. இலக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், வயரை ஆட்டும்போது மாறினால், ஜொயின்ட் பச்சை பிடித்திருக்கிறது.

பிறகு கதவைத் திறந்து அளவுங்கள். இதைத்தான் ஆட்கள் செய்யாமல் விடுகிறார்கள். திறந்த பிறகும் அதே அளவு காட்டினால் அந்தச் சென்சர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரீட் சுவிச் என்பது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்கு, காந்தம் கிட்ட வந்தால் சேரும், விலகினால் பிரியும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் விழுகிற இடி மின்னலில் வயரில் ஒரு வீச்சு வந்தால் அந்த நாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளலாம். கோட் அடிக்கிற கீபேடில் ஒரு குறையும் தெரியாது. எனவே மின்னல் அடித்த பிறகு டிவியைப் பார்க்கிற மாதிரி, கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து கீபேடில் காட்டுகிறதா என்று பாருங்கள்.

வயரின் கணக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. வழக்கமாகப் போடுகிற 22 கேஜ் வயர் 30 மீட்டர் தூரம் போய்த் திரும்பி வர மூன்று ஓம் சொச்சம்தான். வீட்டுக்குள் ஓடுகிற வளையத்தில் வயருக்கென்று நாற்பது ஐம்பது ஓம் வந்தால் நீளத்தைக் குற்றம் சொல்ல முடியாது, ஒரு ஜொயின்ட் அழுகிக்கொண்டிருக்கிறது.

ஒரு சோனில் நாலைந்து யன்னல் வரிசையாகக் கோத்திருந்தால் எது பழுது என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். ஒருவர் பனலில் மீட்டரைப் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர் சின்ன வயர்த் துண்டால் ஒவ்வொரு சென்சரின் இரண்டு திருகாணியையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டு போகட்டும். எந்த இடத்தில் தொடும்போது மீட்டரில் அளவு திரும்பி வருகிறதோ அதுதான் ஆள். எதைத் தொட்டும் வரவில்லை என்றால், ஒன்றுக்கு மேல் பழுது, அல்லது இடையில் வயர் அறுந்திருக்கிறது. சீலிங்குக்கு மேலே எலியோ அணிலோ கடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வயருக்குள் பாவிக்காத கோர் (உள்வயர்) இருந்தால் இரண்டு முனையிலும் அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வேலையை முடிக்கலாம்.

கதவுச் சென்சர்

ரீட் சுவிச் உள்ள பகுதி கதவு நிலைச் சட்டத்தில், காந்தம் கதவில். வயர் அசையாத பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் காரணம். மேலே ஒட்டுகிற வகை, மரத்துக்குள் துளை போட்டுப் புதைக்கிற வகை, கடைகளின் உருளைக் கதவுக்குத் தரையில் பூட்டுகிற கனமான அலுமினிய வகை என்று மூன்று உண்டு. புதைக்கிற வகையில் பழையதன் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். புதுசைச் சுத்தியலால் தட்டி இறக்கவே கூடாது, உள்ளே கண்ணாடி. துளை இறுக்கமாக இருந்தால் அரம் போட்டுப் பெருப்பியுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இடைவெளி அளவு. சாதாரண சென்சர்களில் காந்தம் 15 இலிருந்து 25 மில்லிமீட்டர் வரை விலகி இருந்தாலும் பிடிக்கும். நம்முடைய மரக்கதவு மாரியில் ஊறிப் பருத்து முழுசாகச் சாத்துப்படாது, கச்சான் காற்று (கோடையில் வீசுகிற வறண்ட காற்று) வீசத் தொடங்கினால் காய்ந்து சுருங்கி நிலையில் ஆடும். அதனால் மரக்கதவுக்குக் கொஞ்சம் பெரிய இடைவெளி தாங்குகிறதாக எடுங்கள். அதற்காக ஆகப் பெரியதையும் எடுக்காதீர்கள், கதவைக் கை நுழைகிற அளவு திறந்தும் சென்சர் பேசாமல் இருந்தால் என்ன பிரயோசனம்? இரும்புக் கதவு, இரும்புக் கேட் என்றால் கதை வேறு. இரும்பு காந்தத்தின் விசையைத் தன் பக்கம் இழுத்துவிடும், பெட்டியில் எழுதியிருக்கிற இடைவெளி மிகவும் குறைந்துபோகும். இரும்புக்கென்றே விற்கிற சென்சரைக் கேளுங்கள்.

மூன்று டெர்மினல் இருக்கிற சென்சரில் என்சி (சாதாரணமாக மூடியது), என்ஓ (சாதாரணமாகத் திறந்தது) என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிப் பூட்டாதீர்கள். சில கம்பனிகள் காந்தம் பக்கத்தில் இருக்கிற நிலையை வைத்துப் பெயர் போடுகின்றன, சில காந்தம் இல்லாத நிலையை வைத்து. மீட்டரைப் பீப் சத்தம் போடுகிற நிலையில் வைத்து, காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்து பாருங்கள். காந்தம் கிட்ட வரும்போது எந்த இரண்டு டெர்மினல் பீப் அடிக்கிறதோ அந்த இரண்டுதான் உங்களுக்கு வேண்டும். ரீட்டுக்குக் குறுக்கே பல்ப் பிடித்துச் சோதிக்கிற பழக்கம் உள்ள வயர்மேன்மாரை அன்போடு தடுத்துவிடுங்கள், அந்தக் கரண்டுக்கே நாக்கு ஒட்டிவிடும்.

வயர் கொடுப்பது இலேசு. பழைய முனையில் கறுத்த, பச்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான செம்பு தெரியும்வரை உரியுங்கள். ஒரு வயரை நேரே சென்சருக்குக் கொடுங்கள், மற்றதில் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து சென்சரின் மற்றத் திருகாணிக்குக் கொடுங்கள். ஒரே சோனில் பல யன்னல் இருந்தால் ரெசிஸ்டர் ஒன்றே ஒன்றுதான், அது ஆகக் கடைசி யன்னலில். திருகாணிகளைப் பித்தளையிலோ துருப்பிடிக்காத உருக்கிலோ வாங்குங்கள், சாதாரண இரும்புத் திருகாணி கடற்கரைப் பக்கம் அடுத்த தடவை கழற்ற வராது. துளையை அடைக்க சிலிக்கன் பூசுவதென்றால் புளிவாடை அடிக்கிற வகை வேண்டாம், அது காயும்போது விடுகிற அமிலம் செம்பை அரிக்கும். வாடை இல்லாத, எலெக்ட்ரொனிக்ஸுக்கு உகந்தது என்று எழுதின வகை கிடைக்கும்.

திருகாணியை முழுசாக இறுக்கமுன் கதவைச் சாத்தித் திறந்து மீட்டரில் பார்த்துவிடுங்கள். கதவைப் பிடித்து உலுக்கியும் பாருங்கள், கச்சான் அடிக்கும்போது நடக்கப் போவது அதுதான்.

பிஐஆர்

அறையின் மூலையில் சிவப்பு லைட் மின்னிக்கொண்டு நிற்கிற பெட்டி. இதற்கு நாலு வயர் கட்டாயம்: 12 வோல்ட் பிளஸ், மைனஸ், அலாரத் தொடுப்புக்கு இரண்டு. டம்பர் சேர்த்தால் ஆறு. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் கரண்ட், மஞ்சளும் பச்சையும் சோன் என்றாலும், பூட்டின ஆளின் மனநிலையைப் பொறுத்து அது மாறியிருக்கலாம், அதனால் படம் எடுத்துவிட்டே கழற்றுங்கள்.

புதுசு வாங்கமுன் பழையதன் பிளஸ், மைனஸில் வோல்டேஜ் அளவுங்கள், இதற்கு மட்டும் பனலில் கரண்ட் இருக்க வேண்டும். 12க்கு மேல் இருந்தால் சரி. பொதுவாக இந்தச் சென்சர்கள் 9 இலிருந்து 16 வோல்ட் வரை தாங்கும், இழுப்பது 10, 20 மில்லி அம்பியர்தான். அவ்வளவு சின்னக் கரண்டுக்கு வயர் நீளத்தால் வோல்டேஜ் விழாது, கணக்குப் பார்த்தால் ஒரு வோல்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எனவே சென்சரில் 9, 10 என்று காட்டினால் ஜொயின்டையும் பனலையும் பாருங்கள், புது பிஐஆர் வாங்கி ஒரு பயனும் இல்லை.

மூடியைத் திறந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும். எறும்புக் கூடு, குளவி மண், பல்லி முட்டை, சிலந்தி வலை. வயர் வருகிற துளை திறந்திருந்தால் இவ்வளவும் குடியேறிவிடும். சென்சரின் கண்ணுக்கு முன்னால் பல்லி ஓடினால் அதற்கு அது யானை அளவு. துடைத்துச் சுத்தம் பண்ணித் துளையை அடைத்தவுடன் சுகமான பிஐஆர்கள் நிறைய உண்டு. துடைக்கும்போது நடுவில் இருக்கிற சின்னக் கண்ணாடி போட்ட உலோக மூக்கில் விரல் படக்கூடாது. வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸைக் கழற்றினால் வரி உள்ள பக்கம் உள்ளே போகிற மாதிரித் திரும்பப் போடுங்கள்.

மாற்றுவதென்றே முடிவானால், கரண்டை நிறுத்திவிட்டு, வயர்களைக் குறித்துக்கொண்டு கழற்றி, புதுசின் அடிப்பெட்டியில் துளை வழியே வயரை எடுத்து, பிளஸும் மைனஸும் மாறாமல் கொடுங்கள். சோன் வயர் இரண்டும் 'என்சி', 'சி' (பொது) என்ற இரண்டு டெர்மினலுக்கும். ரெசிஸ்டர் அதில் தொடராக. சில புது மொடல்களில் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும், ஜம்பரால் (இடம் மாற்றிச் செருகுகிற சின்னத் துண்டால்) அளவைத் தேர்ந்துகொள்ளலாம், அப்படியென்றால் வெளியில் இன்னொன்று போட்டு இரட்டிப்பாக்காதீர்கள். ஒரே சோனில் இரண்டு பிஐஆர் இருந்தால் கரண்ட் இரண்டுக்கும் பக்கவாட்டில் பிரிந்து போகும், தொடுப்பு மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் வரும்.

எங்கே பூட்டுவது என்பதுதான் உண்மையில் பெரிய விசயம், பழைய இடத்திலேயே திரும்பப் பூட்ட வேண்டும் என்று சட்டமில்லை. உயரம் 2.1 இலிருந்து 2.4 மீட்டர். பிஐஆர் தன்னை நோக்கி நேரே வருகிறவனை விடத் தனக்குக் குறுக்கே போகிறவனைத்தான் சீக்கிரம் பிடிக்கும், எனவே கதவைப் பார்த்து நேரே வைக்காமல் மூலையில் இருந்து குறுக்காகப் பார்க்க விடுங்கள். காலை வெயில் விழுகிற கிழக்கு யன்னலைப் பார்க்கக் கூடாது, ஏசி காற்று நேரே படக் கூடாது, ஆடுகிற திரைச்சீலை எதிரே இருக்கக் கூடாது. சாமியறை விளக்கும் விறகடுப்பும் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது, கொழுந்து ஆடும்போது சூடு மாறும், சென்சர் அதையும் ஆள் என்று எண்ணலாம்.

கச்சான் காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. பிஐஆர் பார்ப்பது உடம்பின் சூட்டுக்கும் பின்னால் இருக்கிற சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் பின்னேரம் 35 பாகை வந்துவிட்டால் அந்த வித்தியாசம் சுருங்கி, சென்சர் மந்தமாகிவிடும். வெப்பநிலைக்கு ஏற்ப உணர்திறனைத் தானாகச் சரிசெய்கிற மொடல் கேட்டு வாங்குங்கள், பெட்டியிலேயே எழுதியிருக்கும். மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டைச் சென்சரைப் போட்டால் இந்தப் பிரச்சினை தீரும் என்று கடைக்காரர் சொல்லலாம். தீராது. அதில் இரண்டும் ஒன்றாக உணர்ந்தால்தான் அலாரம், எனவே பொய் அலறல் குறையும், வெக்கையில் பிடிக்கிற திறன் கூடாது. அதோடு மைக்ரோவேவ் பலகைச் சுவரையும் கண்ணாடியையும் தாண்டிப் போகும், தூரத்தைக் குறைத்து வைக்காவிட்டால் பக்கத்து அறை ஃபேனையும் எண்ணும்.

பிஐஆருக்குள் பல்ஸ் ஜம்பர் இருக்கும், எத்தனை தடவை அசைவு தெரிந்தால் அலற வேண்டும் என்பதை அதில் வைக்கலாம். ஒன்றில் வைத்தால் சட்டென்று பிடிக்கும், இரண்டில் வைத்தால் கொஞ்சம் யோசித்துப் பிடிக்கும். ஓட்டு வீட்டுக்கு, பூச்சி புழு நடமாட்டம் உள்ள இடத்துக்கு இரண்டு போதும். வீட்டில் பூனை இருந்தால் விலங்குகளைக் கண்டுகொள்ளாத மொடல் கிடைக்கும், ஆனால் பூனை அலுமாரிக்கு மேல் ஏறிச் சென்சருக்கு நேரே நடந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

கரண்ட் கொடுத்தவுடன் சோன் திறந்திருப்பதாகக் காட்டினால் பதற வேண்டாம். பிஐஆர் சூடேறி நிலைக்கு வர ஒரு நிமிசமாவது எடுக்கும், அதுவரை அறையை விட்டு வெளியே நில்லுங்கள்.

மற்றச் சென்சர்கள்

கண்ணாடி உடைகிற சத்தம் கேட்கிற சென்சர், பெரிய கண்ணாடி உள்ள அறைக்குத்தான். லூவர் யன்னலுக்கு அதைப் பூட்டுவது வீண், தட்டுகளை உடைக்காமலே ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம். அங்கே கிரில்லும் பிஐஆரும்தான் சரி. புகைச் சென்சரைக் கதவுச் சென்சர் மாதிரிக் கோக்காதீர்கள். அதில் தொடுப்பு சாதாரணமாகத் திறந்திருக்கும், புகை வந்தால் மூடும், ரெசிஸ்டர் அதற்குக் குறுக்கே வரும். பத்து வருசம் கடந்த புகைச் சென்சரை நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் மாற்றிவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்றால், மட்டக்களப்பு ரவுணிலும் காத்தான்குடியிலும் சிசிடிவி விற்கிற கடைகளில் சாதாரண காந்தச் சென்சரும் பிஐஆரும் விசாரித்துப் பாருங்கள். இரும்புக் கதவு வகை, உருளைக் கதவு வகை போன்றவற்றுக்குக் கொழும்பு போகிற யாரிடமாவது சொல்லிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்க்கச் சொல்லலாம். ஒரு முக்கியமான விசயம், சென்சர் பனலின் கம்பனியுடையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. வயர் அலாரத்தில் சென்சர் என்பது ஒரு சுவிச் மட்டும்தான், 12 வோல்டும் என்சி தொடுப்பும் இருந்தால் எந்தப் பனலோடும் போகும். "இந்தப் பனலுக்கு இந்தச் சென்சர்தான்" என்று யாராவது சொன்னால் வயர்லெஸ்ஸுக்குரிய கதையை உங்களுக்குச் சொல்கிறார்.

பூட்டி முடிந்த பிறகு

பற்றரியையும் டிரான்ஸ்போமரையும் கொடுத்து, நேரத்தைச் சரிசெய்து, கீபேடில் எந்தச் சோனும் பைபாஸில் (கணக்கில் எடுக்காமல் விட்ட நிலையில்) இல்லை என்று பாருங்கள். டிஎஸ்சியில் நட்சத்திரப் பொத்தானோடு 1 அழுத்தினால் பைபாஸ், 2 அழுத்தினால் கோளாறு விவரம், 4 அழுத்தினால் மணிச்சத்தம் (கதவு திறக்கும்போது கீபேட் போடுகிற சத்தம்). ஹனிவெல் விஸ்டாவில் கோட் அடித்து 5 அழுத்தினால் சோதனை, 9 அழுத்தினால் மணிச்சத்தம். மணிச்சத்தத்தைப் போட்டுவிட்டுக் கதவு யன்னல் ஒவ்வொன்றையும் திறந்து சாத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் கீபேட் சத்தம் போட வேண்டும், சரியான சோன் இலக்கமும் வர வேண்டும். மணிச்சத்தம் சோன் வாரியாக நிறுத்தப்பட்டிருக்கலாம், எனவே சத்தம் வராவிட்டாலும் சோன் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பிஐஆர் உள்ள அறையில் லைட்டை அணைத்துவிட்டு நாலு பக்கமும் மெதுவாக நடந்து, சிவப்பு லைட் எங்கே பிடிக்கிறது எங்கே விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த நடையைக் கச்சான் காலத்தில் ஒரு பின்னேரம் திரும்பவும் செய்ய வேண்டும், விடியற்காலைக் குளிரில் பிடித்ததை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கடைசியாக உண்மையாகவே அலாரத்தைப் போட்டு, ஒரு கதவைத் திறந்து, சைரன் கத்துகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. எந்தச் சோன் எந்தக் கதவு, ரெசிஸ்டர் அளவு என்ன, பற்றரி எந்த மாதம் எந்த வருசம் போட்டது என்பதை ஒரு தாளில் எழுதி, பனல் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். கோட் மட்டும் அதில் எழுத வேண்டாம். ஒரு காந்தச் சென்சர், ஒரு பிஐஆர், ரெசிஸ்டர் பத்து, ஜெல் கனெக்டர் கொஞ்சம், இவற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். மழை தொடங்கமுன், ஒக்டோபரில் ஒரு நாள், கதவுகளைத் திறந்து சாத்தி மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டால், மாரியில் நடுச்சாமத்தில் ஃபோன் வராது.